மின்மினியும் புற்றுநோயும்

வண்டன்மேட்டில் கோடை மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் ஏலத்தோட்டத்துக்குள் மின்மினிகள் மின்னும். மேலே நிழல் மரங்கள், கீழே ஏலச்செடிகள், இரண்டுக்கும் இடைப்பட்ட இருளில் ஆயிரம் சிறு விளக்குகளை யாரோ ஏற்றியும் அணைத்தும் விளையாடுவது போலிருக்கும். சிறுவனாயிருந்தபோது அவற்றைப் பிடிக்க நான் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடுவேன். விளக்கை அடித்த மாத்திரத்தில் ஒரு மின்மினியும் கண்ணில் படாது. "வெளக்க அணைடா, அப்பத்தான் பூச்சி தெரியும்" என்பார் என் அத்தை.

அத்தை எழுதப் படிக்க அறியாதவர். ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தே வாழ்நாளைக் கழித்தவர். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு சொற்றொடரில் இன்றைய மருத்துவ விஞ்ஞானத்தின் நுட்பமான முறையொன்று அடங்கிக் கிடக்கிறது என்பதை, வேதியியல் முதுகலை வகுப்புக்கு வந்த பின்னரே நான் அறிந்தேன். அத்தையின் குருதியையே அந்த முறைதான் சோதித்து வந்தது என்பதையும் அதன் பின்னரே உணர்ந்தேன். அந்த முறைக்கு மின்வேதி ஒளிர்வு என்று பெயர். அதனைத் தமிழில், நம் மன்றத்து நண்பர்கள் அனைவருக்கும் விளங்குமாறு சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம். வரலாறு பயிலும் நண்பரும் பொருளாதாரம் பயிலும் நண்பரும் அஞ்ச வேண்டா. சூத்திரங்கள் இங்கு இல்லை.

தண்ணொளி

ஒளி என்றதும் சூடு நம் நினைவுக்கு வருகிறது. விறகு எரிந்தால் ஒளி, கூடவே அனல். பழைய மின்விளக்கின் குமிழைத் தொட்டால் கை சுடும். ஆனால் மின்மினியைக் கையில் பிடித்தவர் எவரும் சுட்டுக்கொண்டதில்லை. அதன் ஒளி தண்ணொளி. மின்மினியின் உடலில் லூசிஃபெரின் என்ற பொருள் இருக்கிறது. அது ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதி அந்தச் சேர்க்கைக்குத் துணை நிற்கிறது. இவ்வாறு வேதிமாற்றத்தால் பிறக்கும் ஒளியை வேதி ஒளிர்வு என்கிறோம்.

வேதிமாற்றத்தில் ஒளி ஏன் பிறக்க வேண்டும்? எங்கள் மலையில் மிளகு பறிப்பவர்கள் ஒற்றை மூங்கிலையே ஏணியாக மரத்தில் சாத்துவார்கள். மூங்கிலின் கணுக்களே படிகள். மூலக்கூறுக்குள் இருக்கும் எலெக்ட்ரானும் இத்தகைய ஏணியில் நிற்பதாகக் கொள்ளுங்கள். வழக்கமாக அது கீழ்ப்படியில் நிற்கும். வேதிமாற்றத்தில் வெளிப்படும் ஆற்றல் சில வேளைகளில் அதனை மேற்படிக்கு ஏற்றிவிடும். அங்கே அதற்கு நிலைகொள்ளாது. உடனே கீழே இறங்கும். இறங்கும்போது, ஏறப் பெற்ற ஆற்றலை ஒளியாகக் கொடுத்துவிடும். இரு படிகளுக்கும் இடையேயுள்ள தூரமே அந்த ஒளியின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. இவ்வளவுதான் தண்ணொளியின் மறைபொருள்.

மின்சாரம் தூண்டும் ஒளி

மின்மினி தன் விருப்பப்படி மின்னுகிறது. மனிதன் தன் விருப்பப்படி மின்னவைக்கக் கூடிய தண்ணொளி ஒன்று உண்டா? 1929ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நியூட்டன் ஹார்வி என்பவர், லூமினால் என்ற பொருளின் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தியபோது மின்வாயில் ஒளி தோன்றியதைக் கண்டெழுதினார். மின்வாய் என்பது கரைசலுக்குள் மின்சாரம் நுழையும் உலோகத் தகடு அல்லது கம்பி. அதன் பிறகு நெடுங்காலம் இத்துறை பெரும்பாலும் உறங்கியே கிடந்தது. 1964இல் ஹெர்க்குலிஸ் ஒருபுறமும், விஸ்கோவும் சாண்ட்ராசும் மறுபுறமுமாக அதனை மீண்டும் எழுப்பினார்கள்.

அடுத்த ஆண்டு, அதாவது 1965இல், வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை நூலகத்தில் தேடிப் படித்தபோது நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் பார்டு. மற்றவர் கே. எஸ். வி. சந்தானம்! டைபினைல் ஆந்த்ரசீன் என்ற பொருளை மின்வாயில் வைத்து ஒளிரச் செய்ததை இருவரும் அதில் விளக்கியிருந்தார்கள். சந்தானம் பின்னாளில் பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திலும், அமெரிக்காவிலுள்ள ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்திலும் பணிபுரிந்தார். பார்டோ இத்துறையை வாழ்நாள் முழுதும் வளர்த்து, 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். இத்துறையின் தொடக்கக் கட்டுரைகளுள் ஒன்றில் நமக்குப் பழக்கமான ஒரு பெயர் இருப்பதைக் காண்பது தனி மகிழ்ச்சியன்றோ?

எனினும் அந்தக் காலத்துச் சோதனைகள் கரிமக் கரைப்பான்களில் நடந்தவை. நீர் பட்டால் ஒளி கெட்டுவிடும். குருதியோ பெரும்பாலும் நீர். ஆகவே மருத்துவத்துக்கு அது உதவவில்லை. 1972இல் டோக்கெல் என்பவரும் பார்டும் ருதீனியம் என்ற உலோகத்தைக் கொண்ட ஒரு கூட்டுப்பொருள் மின்வாயில் ஒளிர்வதைக் கண்டார்கள். 1981இல் ரூபின்ஸ்டைன் என்பவரும் பார்டும் அதனை ஆக்சலேட்டின் துணைகொண்டு நீரிலேயே ஒளிரச் செய்தார்கள். 1990இல் லேலண்டு, பவல் ஆகிய இருவரும் டிரைபுரொப்பைல் அமீன் என்ற துணைப்பொருளைச் சேர்த்து ஒளிரவைத்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் வாயில் அப்போது திறந்தது.

இருவர் சேர்ந்து ஏற்றும் விளக்கு

அந்த விளக்கு எரியும் விதத்தைச் சற்றே நின்று பார்ப்போம். கரைசலில் ருதீனியக் கூட்டுப்பொருளும் அமீனும் இருக்கின்றன. மின்வாயில் ஏறத்தாழ ஒரு பாட்டரிக் கட்டையின் அளவுக்கு, அதாவது ஒன்றரை வோல்ட்டை ஒட்டி, மின்னழுத்தம் கொடுக்கிறோம். உடனே இரு பொருள்களும் மின்வாய்க்கு ஆளுக்கோர் எலெக்ட்ரானைக் கொடுத்துவிடுகின்றன. எலெக்ட்ரானை இழந்த அமீன், ஒரு புரோட்டானையும் உதறிவிட்டு, நிலைகொள்ளாத மூலக்கூறாக மாறுகிறது. இன்னோர் எலெக்ட்ரானையும் எவரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று அது துடிக்கிறது. எலெக்ட்ரானை இழந்து நிற்கும் ருதீனியம் பக்கத்திலேயே இருக்கிறது. அதனிடம் கொடுத்துவிடுகிறது. அப்படிக் கொடுக்கும் வேகத்தில் எலெக்ட்ரான் ஏணியின் மேற்படியில் போய் ஏறுகிறது. பிறகு இறங்குகிறது. செம்மஞ்சள் ஒளி பிறக்கிறது.

இதில் ஒரு சிறப்பைக் கவனிக்க வேண்டும். அமீன் செலவாகிவிடுகிறது. ருதீனியமோ பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. மறுபடியும் ஒளிரத் தயாராக நிற்கிறது. விளக்கெண்ணெய் குறைந்தாலும் திரி குறையாத விளக்கு என்று இதனைச் சொல்லலாம். ஒரே ருதீனிய மூலக்கூறு பலமுறை ஒளிர்வதால் மிகக் குறைந்த அளவு பொருளையும் காண முடிகிறது.

இப்போது அத்தையின் சொல்லுக்கு வருவோம். ஒளியைக் கொண்டு நுண்பொருளைக் கண்டறிய வேறு முறைகளும் உண்டு. பொருளின் மீது வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சி, அது திருப்பித் தரும் ஒளியைப் பார்க்கும் முறை அவற்றுள் ஒன்று. டார்ச் விளக்கை அடித்துக்கொண்டு மின்மினியைத் தேடுவதற்கு ஒப்பானது அது. பாய்ச்சிய ஒளியே சிதறிக் கண்ணைக் கூசவைக்கும். மின்வேதி ஒளிர்வில் வெளிவிளக்கே கிடையாது. கருவியின் உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் பிறக்கும் ஒளி முழுவதும் நாம் தேடும் பொருளிலிருந்தே வருகிறது. அதுவும் நாம் மின்சாரம் கொடுத்த நொடியில், மின்வாயை ஒட்டிய இடத்தில் மட்டுமே பிறக்கிறது. எப்போது பார்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கிறோம். விளக்கை அணைத்துவிட்டு, மின்மினியை நாம் சொன்ன நேரத்தில், நாம் சொன்ன செடியில் மின்னவைப்பது போன்றது இது!

நாற்பது மூட்டையில் ஒரு விதை

இவ்வளவு நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். தேடும் பொருள் அவ்வளவு சிறிது.

மேலே கூறிய அதே 1965ஆம் ஆண்டில், கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் பில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இரு மருத்துவ அறிஞர்கள், பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். கருவிலிருக்கும் குழந்தையின் குடலிலும் அது உண்டு. பிறந்தபின் மிகக் குறைந்துவிடும். புற்றுநோய் வரும்போது பலரிடம் அது மீண்டும் பெருகுகிறது. அதனை இன்று மருத்துவர்கள் சி. இ. ஏ. என்ற மூன்று எழுத்துகளால் குறிக்கிறார்கள். நோயின் அடையாளமாகக் குருதியில் தோன்றும் இத்தகைய பொருள்களை அடையாளப் பொருள்கள் எனலாம். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்குப் பி. எஸ். ஏ., பெண்களின் சூலகத்துக்குச் சி. ஏ. 125 என்று வேறு சிலவும் உண்டு.

நலமாயுள்ளவர் குருதியில் சி. இ. ஏ. பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குள் இருக்கும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த அளவை மனத்தில் வாங்கிக்கொள்வது எளிதன்று. வண்டன்மேட்டுக்காரனாகிய நான் என் வழியில் சொல்கிறேன். ஓர் ஏலவிதை ஏறத்தாழ பத்து மில்லிகிராம் இருக்கும். ஐம்பது கிலோ மூட்டைகள் நாற்பதை ஏலக்கடைக்கு முன்னால் அடுக்கி, அவற்றுள் ஏதோவொன்றில் ஒரே ஒரு வேற்று விதையைப் போட்டுக் கலந்துவிட்டால் எவ்வளவோ, அவ்வளவுதான் 5 நானோகிராம். அந்த ஒரு விதையைத் தேட வேண்டும். தேடினால் மட்டும் போதாது. விதை ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

இதிலும் ஒரு தொல்லை. குருதியில் ஆல்புமின் என்ற வேறொரு புரதம் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய நான்கு கோடி நானோகிராம் இருக்கிறது. அந்தப் பெருங்கூட்டத்துக்கு நடுவே ஐந்தைத் தேடுகிறோம்.

இரு கை பிடித்து இழுத்தல்

தேடும் வழியை இயற்கையே கற்றுக்கொடுத்திருக்கிறது. நம் உடலில் நுழையும் கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ள எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய ஒன்றையே பற்றும். 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற அறிஞர்கள், ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆய்வகத்தில் ஆக்கும் வழியைக் கண்டார்கள். 1984இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே சி. இ. ஏ.யை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை இன்று நம்மால் ஆக்க முடியும்.

சோதனையில் இரண்டு எதிர்ப்பொருள்கள் பயன்படுகின்றன. ஒன்று சி. இ. ஏ.யின் வலக்கையைப் பிடிக்கிறது என்றால் மற்றது இடக்கையைப் பிடிக்கிறது. ஒன்றன் முதுகில் பயோட்டின் என்ற உயிர்ச்சத்து கட்டப்பட்டிருக்கிறது. மற்றதன் முதுகில் நம் ருதீனிய விளக்கு. இவற்றோடு மிக நுண்ணிய காந்த மணிகளையும் சேர்க்கிறார்கள். அந்த மணிகளின் மேல் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் பூசப்பட்டிருக்கும். ஸ்ட்ரெப்டவிடினும் பயோட்டினும் ஒன்றையொன்று கண்டால் விடாது பற்றிக்கொள்ளும். இயற்கையில் காணும் மிக வலிய பிணைப்புகளுள் அது ஒன்று. ஆக, மணியோடு பயோட்டின், அதனோடு முதல் எதிர்ப்பொருள், அதனோடு சி. இ. ஏ., அதனோடு இரண்டாம் எதிர்ப்பொருள், கடைசியில் விளக்கு என்று ஒரு சங்கிலி உருவாகிறது.

இந்தக் கலவையை மின்வாயின் மேல் ஓடவிட்டு, அடியிலிருந்து காந்தத்தை நீட்டுகிறார்கள். மணிகள் மின்வாயில் வந்து ஒட்டுகின்றன. மற்றவை எல்லாம் கழுவப்படுகின்றன, ஆல்புமின் போயிற்று, பிடிபடாத விளக்குகளும் போயின. சி. இ. ஏ. எங்கே இருந்ததோ அங்கே மட்டும் விளக்கு மிஞ்சுகிறது. மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். இருட்டில் ஒளி மின்னுகிறது. ஒளி மிகுதியானால் சி. இ. ஏ. மிகுதி, குறைந்தால் குறைவு. எதிர்ப்பொருளாகிய உயிரிப்பொருள் தேடிப் பிடிக்க, மின்வாய் அதனை ஒளியாக்கிச் சொல்வதால் இத்தகைய அமைப்புக்கு உயிரி உணரி என்று பெயர் வந்தது. 1990களின் பிற்பாதியிலிருந்து இம்முறையில் இயங்கும் பெருங்கருவிகள் மருத்துவ ஆய்வகங்களுக்கு வந்துவிட்டன. ரோஷ் நிறுவனத்தின் கருவிகளில் இத்தகைய சோதனைகள் பலவற்றுக்குப் பிடிக்கும் நேரம் 18 நிமிடங்கள்.

அத்தையின் நோட்டு

என் அத்தைக்கு மலம் கழிக்கும்போது குருதி போயிற்று. அவர் சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்தார். பிறகு காட்டிய இடத்தில், விரலாலும் தொட்டுப் பாராமல், மூலம் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். அதில் அரை ஆண்டு போயிற்று. மெலிந்து, சோகை பிடித்து, காய்க்கூடையைத் தூக்க முடியாமல் போன பிறகே மதுரைக்குக் கொண்டுபோனோம். பெருங்குடலில் கட்டி. அறுவை நடந்தது. அதற்கு முன் எடுத்த சி. இ. ஏ. 48. ஆறு வாரம் கழித்து 3.1. "இது ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூன்று மாதத்துக்கொரு முறை வாருங்கள்" என்றார் மருத்துவர்.

அன்று முதல் அத்தையின் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இடம்பெற்றது. தேதியையும் எண்ணையும் அதில் நான் எழுதுவேன். என் தாத்தா கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தோட்ட வேலைக்காக மலையேறி வந்தவர். அத்தை மூன்று மாதத்துக்கொரு முறை அதே வழியே மலையிறங்கினார். வண்டன்மேட்டிலிருந்து கம்பம்மெட்டு, கம்பம், தேனி, மதுரை. இரவு உறவினர் வீட்டில் தங்கல். இரண்டு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் வேறு. கருவிக்குள் ஒரு கணம் மின்னும் ஒளிக்காக இரண்டு நாள் பயணம்!

ஒரு முறை மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. அருகிலுள்ள நகரத்திலேயே சோதித்துக்கொண்டோம். எண் 5.6 என்று வந்தது. அதற்கு முந்தைய எண் 2.6. வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. அத்தை மட்டும், "வந்தா வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். மதுரை மருத்துவரிடம் சீட்டைக் காட்டியபோது அவர் எண்ணைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்திலிருந்த சிறு எழுத்துகளைப் பார்த்தார். பழைய சீட்டுகளில் முறை என்ற இடத்தில் இ. சி. எல். ஐ. ஏ. என்றிருந்தது. அதுதான் மின்வேதி ஒளிர்வு. புதிய சீட்டில் சி. எல். ஐ. ஏ. என்றிருந்தது. அது மின்சாரத்தின் தூண்டுதல் இல்லாத வெறும் வேதி ஒளிர்வு. இரண்டும் நல்ல முறைகளே. ஆனால் எதிர்ப்பொருள்கள் வேறு, அளவுகோலும் வேறு. ஒன்றன் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிடலாகாது. பழைய ஆய்வகத்திலேயே மறுபடி சோதித்தார்கள். 2.8 வந்தது.

ஓர் எழுத்தின் வேறுபாட்டை அறியாமல் ஒரு குடும்பம் ஒன்பது நாள் உறங்காமல் இருந்தது. அந்த ஒன்பது நாள்தான் என்னை இந்தப் பாடத்துக்கு இழுத்து வந்தது.

எண் சொல்லாதவை

கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை சொல்கிறது. "இந்தக் குருதியில் சி. இ. ஏ. எவ்வளவு?" என்பதே கேள்வி. "இவருக்குப் புற்றுநோய் உண்டா?" என்பது வேறு கேள்வி. பீடி, சிகரெட்டு பிடிப்பவர்களுக்கும், ஈரல் நோயுள்ளவர்களுக்கும், குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் சி. இ. ஏ. ஏறலாம். மாறாக, புற்றுநோயின் தொடக்கத்தில் அது ஏறாமலும் இருக்கலாம். ஆகவேதான், நலமாயிருப்பவர்க்கு நோய் உண்டா இல்லையா என்று பார்க்க இச்சோதனையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. நோய் உறுதியானவர்க்குச் சிகிச்சை பலிக்கிறதா, நோய் திரும்புகிறதா என்று தொடர்ந்து பார்ப்பதற்கே அது பயன்படுகிறது. அத்தைக்கு முதலில் வேண்டியிருந்தது நுண்கருவியன்று. அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு, குடலைச் சோதிக்கும் ஒரு மருத்துவரே.

இன்னும் பெரிய சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்து உள்ளிட்ட பிரிட்டானியப் பகுதிகளில் 2001 முதல் 2005 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஒரு பேராய்வு தொடங்கினார்கள். ஒரு பகுதியினர்க்கு ஆண்டுதோறும் சி. ஏ. 125 அளந்தார்கள். சூலகப் புற்றுநோய் சிலரிடம் முன்னதாகவே அகப்பட்டது உண்மை. ஆனால் 2021இல் வெளியான முடிவில், அந்நோயால் இறந்தவர் தொகை குறையவில்லை என்று தெரிந்தது. முன்னதாகக் காண்பது வேறு, காப்பது வேறு என்ற கசப்பான பாடத்தை அது கற்பித்தது. செய்தித்தாளில் "ஒரு துளிக் குருதியில் எல்லாப் புற்றுநோயும்" என்று தலைப்பைக் காணும்போதெல்லாம் நாம் இதனை நினைக்க வேண்டும்.

நம் விடுதி நண்பர்கள் சிலர்க்கு நேரே பயன்படும் செய்தியொன்றும் சொல்கிறேன். முடி உதிராமலிருக்கப் பயோட்டின் மாத்திரைகள் விழுங்குவோர் நம்மிடையே உண்டு. மேலே சொன்ன சங்கிலியை நினைத்துப் பாருங்கள். குருதியில் மாத்திரையின் பயோட்டின் நிறைந்திருந்தால், அது காந்த மணிகளின் இடத்தை முன்னதாகவே பிடித்துக்கொள்ளும். சங்கிலி மணியில் சேராமல் கழுவப்பட்டுப் போகும். எண் உள்ளதைவிடக் குறைவாக வரும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. பின்னர் வந்த சோதனைப் பொருள்கள் பலவற்றில் இக்குறையைத் திருத்தியிருக்கிறார்கள். எனினும் குருதி கொடுக்கும் முன் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுவதே அறிவுடைமை.

விளக்கு மலையேறுமா?

இனி, என் உள்ளத்தை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். அத்தை மலையிறங்குவதற்குப் பதிலாக விளக்கு மலையேறலாகாதா?

முயற்சிகள் நடக்கின்றன. பிட்ஸ் பிலானியின் ஐதராபாத் வளாகத்தில் சங்கேத் கோயலும் அவருடன் ஆய்பவர்களும் உள்ளங்கையில் அடங்கும் மின்வேதி ஒளிர்வுக் கருவிகளை ஆக்கியிருக்கிறார்கள். நெகிழித் தாளை லேசர் கதிரால் சுட்டுக் கரிய மின்வாயாக்குகிறார்கள். ஒளியைப் பார்ப்பது கைபேசியின் காமிரா. குளுக்கோஸ், டோபமின் முதலியவற்றை இவ்வகையில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

குளுக்கோசை அளக்கும் கருவியால் சி. இ. ஏ.யையும் அளந்துவிடலாமே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். உண்ணாநிலையில் நம் குருதியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் குளுக்கோஸ் உண்டு. அது பத்து லட்சம் நானோகிராம். சி. இ. ஏ.யோ ஐந்து. இரண்டு லட்சம் மடங்கு வேறுபாடு! அந்த நுண்மையைச் சிறு கருவியில் எட்ட வேண்டும். கழுவும் வேலையை ஆளில்லாமல் அதுவே செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் வெயிலில் கெடாமலிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டன்மேட்டுக் கருவி சொல்லும் எண்ணும் மதுரைக் கருவி சொல்லும் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் ஒன்பது நாள் உறக்கம் இன்னும் பல வீடுகளில் கெடும். ஆய்வகங்களில் இத்தடைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வருகிறார்கள். ஆயினும் புற்றுநோயைத் தொடர்ந்து பார்க்கும் அன்றாட வேலையை இன்றும் பெருங்கருவிகளே செய்கின்றன.

மின்வேதியியல் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. வள்ளல் அழகப்பர் கொடுத்த முந்நூறு ஏக்கர் நிலத்திலும் பதினைந்து லட்ச ரூபாயிலும் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953ஆம் ஆண்டின் பொங்கல் நாளில் திறக்கப்பட்டது. புற்றுநோய் மருத்துவமும் நமக்குப் புதியதன்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம் இன்றும் தொண்டு செய்கிறது. காரைக்குடியின் கலையும் அடையாற்றின் கருணையும் ஒரு சிறு பெட்டிக்குள் சேர்ந்து மலையேறும் நாளைக் காண வேண்டும் என்பது என் ஆசை.

அந்த நாள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாடநூலில் கண்ட ஒரு சிறு செய்தி எங்கள் வீட்டுக்கு உதவியது. குருதியைத் தெளியவைத்துப் பிரித்தெடுத்த சீரத்தைக் குளிரில் வைத்தால் சி. இ. ஏ. சில நாள்களுக்குக் கெடாது. அப்படியானால் ஆள் எதற்காக மதுரைக்குப் போக வேண்டும்? குழாய் போனால் போதாதா? மருத்துவரிடம் கேட்டேன். மருத்துவர்க்கும் அது உடன்பாடே. இப்போது அத்தை கம்பத்தில் குருதி கொடுத்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்புகிறார். ஐஸ் பெட்டியில் குழாய் மட்டும் அதே மதுரை ஆய்வகத்துக்குப் போகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவரை நேரில் பார்ப்பதற்கு மட்டும் பயணம். மூன்றாம் ஆண்டு நடக்கிறது. நோட்டில் கடைசியாக எழுதிய எண் 2.7.

நண்பர்களே! நம்முள் எல்லோரும் கருவி செய்யப் போவதில்லை. ஆனால் நம் ஊர்களிலிருந்து படிக்க வந்திருப்பவர்கள் நாம். விடுமுறைக்கு வீடு செல்லும்போது யாராவது ஒரு சோதனைச் சீட்டை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, பாத்துச் சொல்லுப்பா" என்பார்கள். அப்போது எண்ணை மட்டும் படிக்காதீர்கள். பக்கத்திலுள்ள முறையையும் படியுங்கள். சென்ற முறை எந்த ஆய்வகம் என்று கேளுங்கள். நோயைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை என்று சொல்லுங்கள். குருதி போகிறது என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், மூலம்தான் என்று தேற்றி அனுப்பாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.